பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நமக்கும் உள்ள பற்று வரவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் லைன் வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் 27 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம், அதனால் இங்கே சின்னதிலிருந்து பெரியது வரை எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர், இந்தக் காலத்து ஒன்பதாவது பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரிவதில்லை, யாருக்கும் ஒரு உதவி செய்வதில்லை, எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க சில்லறையைத் தப்புத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மனசுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

லைன் வீடு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரும் புதிருமாகப் பத்துப் பன்னிரண்டு வீடு, நடுவில் ஒரு நடை, கடைசியில் ஒரு குழாய், ஒரு துவைக்கும் கல், எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டுக்குத் தும்மல் வரும். பெரியவர்கள் காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் வருவார்கள், ஷிப்மெண்ட் நேரமென்றால் அதுவும் கிடையாது, விடிய விடிய ஓடும். பள்ளிக்கூடம் நாலே காலுக்கு விடுகிறது. அந்த நாலே காலிலிருந்து இரவு ஒன்பது வரை எங்கள் தெருவில் பெரிய ஆள் என்று கணக்கெடுத்தால் நான், வீட்டில் உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டும் ஒரு பாட்டி, டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும், கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டிங் மாஸ்டர், அவ்வளவுதான். மீதி எல்லாம் பிள்ளைகள். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாமல் ஒரு பிள்ளை இருக்க வேண்டுமென்றால் கண்ணையும் காதையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது பத்தாவது படிக்கிறாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார், அப்பா கூட இல்லை. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்பது தினமும் வருவதில்லை, வாரம் ஒருமுறை, சிலசமயம் அதையும் தாண்டும். வருகிற நேரமும் சொல்லிக்கொண்டு வராது. தண்ணீர் விடும் அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த முறைவரை கேன் தண்ணீர்தான், காசுதான். அம்மா லீவு போட்டால் சம்பளம் போகும், அதனால் தண்ணீர் வருமென்று பேச்சு அடிபட்டாலே இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. ஒன்பதாவதில் மாதத்துக்கு நாலு நாள் இப்படியே போனது. பிசிறு வெட்டும் பாட்டிதான் ஒருநாள், "நா சும்மாதானே கண்ணு உக்காந்திருக்கறேன், கொடத்தக் குடு, நீ போ" என்று அனுப்பிவைத்தார்.

பிள்ளை சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. பாட்டிக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், ஆனால் பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஒரே மாதிரி வெள்ளை மாத்திரை இரண்டைக் காலையில் எது ராத்திரி எது என்று குழப்பிக்கொள்வார். இவள் என் கடையிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டி வாங்கிப்போய் ஒன்றில் சூரியனும் ஒன்றில் நிலாவும் வரைந்து பிரித்து வைத்துவிட்டாள். முதியோர் பணம் வந்துவிட்டதா என்று மாதாமாதம் போனில் பார்த்துச் சொல்வதும் இவள்தான். அந்தப் பெரியவர் சொன்ன போனும் கையும் இதுதான்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குழாயடியில் அந்தச் சண்டை வந்தது. இன்னொரு வீட்டு அக்கா, ஷிப்மெண்ட் நாட்களில் இந்தப் பிள்ளைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனசுக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் துவைக்கும் கல்லுக்கு யார் முதல் என்பதில் அவருக்கும் பிள்ளையின் அம்மாவுக்கும் பேச்சு முற்றி, "உம்புள்ள மூணு மாசமா எஞ்சோத்துலதான் வளருது" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். பன்னிரண்டு வீடும் கேட்டது. பிள்ளையும் கேட்டது.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு எப்படித் தெரிந்ததென்றால், என் பற்று நோட்டில் தெரிந்தது. ஒரு பன், இரண்டு வாழைப்பழம். மறுநாளும் ஒரு பன், இரண்டு வாழைப்பழம். இரண்டு வாரத்துக்கு தினம் ராத்திரி ஏழு மணிக்கு அதே வரி. மளிகைக் கடைக்காரனுக்கு ஒரு வீட்டில் என்ன நடக்கிறதென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் குறைந்தால் தெரியும், விருந்தாளி வந்தால் தெரியும், புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருந்தால் கூடத் தெரியும். நான் அந்த அக்காவிடம் போய் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையிடம் மட்டும், "ஏம்மா, பன்னு தின்னு எப்படி ராத்திரி படிப்ப, நம்ம வீட்டுல வந்து சாப்பிடேன்" என்றேன். அவள் சொன்னது இது: "வேண்டாங்க அண்ணாச்சி. நாளைக்கு நீங்களும் சொல்லிக்காட்டுவீங்க."

பதினைந்து வயதுப் பிள்ளை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, உப்பு எடுக்கப் போகிறவன் மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அன்று ராத்திரி எனக்கு நினைவு வந்தது என் பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் 31. பாஸுக்கு 35 வேண்டும், நாலு மார்க்கில் போனது, அதோடு மாமா கடையில் பொட்டலம் மடிக்க வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு ஆங்கில டீச்சர் வீடு. அப்பாவிடம் அம்மா எத்தனையோ தடவை சொன்னார், ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள் என்று. அப்பா கேட்கவே இல்லை. "கொடுக்க நம்மகிட்ட என்னட்டி இருக்கு, சும்மா போயி எப்படி நிக்க" என்பார். அப்பா பனையேறி. அம்மா கருப்பட்டி காய்ச்சுவார். அந்த டீச்சர் வீட்டில் சந்தையிலிருந்து காசு கொடுத்துக் கருப்பட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை, சங்கம் வைக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. நான் ஒரு 80 பக்க நோட்டை எடுத்துக் கடையில் தொங்கவிட்டேன். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம் அல்லவா, அதில் யாருக்காவது வெட்கம் உண்டா? வாங்கியவன் திருப்பிச் செய்வான் என்று எழுதியிருக்கும், அதனால் கொடுத்தவனும் சொல்லிக்காட்ட முடியாது, வாங்கியவனும் தலை குனிய வேண்டியதில்லை. அதே கணக்குத்தான். காசு எழுதுவதில்லை. எட்டாம் நம்பர் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்தது, இரண்டாம் நம்பர் வீட்டுப் பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது, நாலாம் நம்பர் வீட்டுக்கு ரேஷன் கடையில் கைரேகை விழாமல் போனதற்கு இ-சேவைக்குக் கூட்டிப்போனது, இப்படி ஒரு வரி, ஒரு தேதி. முதல் வரியை நானே எழுதினேன்: அந்தப் பிள்ளை என் பாக்கி நோட்டு முழுவதையும் கூட்டிக் கொடுத்தது, பதிலுக்கு என் வீட்டில் ராத்திரி சாப்பாடு. அவள் வந்து சாப்பிட்டாள். கூட்டலில் என் தப்பு மூன்றைக் கண்டுபிடித்தாள், அதில் இரண்டு எனக்கு நஷ்டமான தப்பு, ஒன்று எனக்கு லாபமான தப்பு. லாபமானதைத்தான் முதலில் காட்டினாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுக்கக் கூடாது. பிள்ளைகளைக் கடையில் வேலைக்கு நிறுத்துவது இதில் கிடையாது. நான் அப்படி நின்றவன், அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். பரிட்சை மாதத்தில் எந்தப் பிள்ளையும் எதையும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை, மே மாதம் செய்தால் போதும். அப்புறம் கதவு சாத்திய வீட்டில் சொல்லிக்கொடுப்பது என்பதே கிடையாது, யார் சொல்லிக்கொடுத்தாலும் கடைத் திண்ணையில் டியூப்லைட் வெளிச்சத்தில், தெரு பார்க்கிற மாதிரி. பெண் பிள்ளைகள் இருக்கிற இடம். எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பிவிட்டு அப்புறம் அழுவதைவிட, நல்லவனும் வெளியில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுக்கட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அந்த நோட்டுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

கட்டிங் மாஸ்டர் பழைய பிளஸ் டூ, கணக்கில் கில்லாடி. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், மற்ற நாளில் சும்மா கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். இப்போது ஞாயிறு காலையில் பத்தாவது பிள்ளைகள் ஏழு பேருக்கு வடிவியலும் வரைபடமும் நடத்துகிறார். துணியில் மார்க்கர் பிடித்த கைதானே, அவர் வட்டம் போட்டால் காம்பஸ் வைத்தது போல இருக்கிறது. பதிலுக்கு, பதினொன்றாவது படிக்கும் இரண்டு பையன்கள் டயாலிசிஸ் நாளில் முறை வைத்து அவரை பஸ் ஸ்டாப் வரை கூட்டிப்போய், திரும்பும் நேரத்துக்கு அரசு கொடுத்த சைக்கிளில் காத்திருந்து கூட்டிவருகிறார்கள். ஒடிசாக் குடும்பம் ஒன்று கடைசி வீட்டில் இருக்கிறது, அவர்கள் பையன் ஒன்பதாவது, தமிழ் மீடியம், எங்கள் வீட்டுப் பையனைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். ஒடிசாப் பக்கத்து ஆட்கள் யாருக்கு உடம்பு சரியில்லாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடப் போய் டாக்டரிடம் எடுத்துச் சொல்வது அவன்தான். பதினான்கு வயதில் ஒருவன் அடுத்தவருடைய வயிற்றுவலியை இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் இவன் போய்வருவதால் பள்ளிக்கூடத்தில் அரை நாள் போய்விடுகிறது என்று நோட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கே உறைத்தது. இப்போது அவசரம் தவிர மற்றதற்கெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் அவனைக் கேட்பது.

இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. அரசாங்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, எங்கள் தெருவே அரசு பள்ளியில் படித்து மேலே வந்துகொண்டிருக்கும் தெரு. ஆனால் பாருங்கள், காலை உணவு ஐந்தாவது வரை. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த பிறகு 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வி எட்டாவது வரைதான் இருந்தது; எங்கள் தெருத் தன்னார்வலர் சாயங்காலம் பாடம் எடுத்தபோது ஒன்பதாவது பிள்ளைகள் ஓரமாக வந்து உட்கார்ந்து தம்பி தங்கைக்குத் துணைக்கு வந்ததாகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்துணவு பத்தாவது வரை. பதினொன்றாவதில் அதே பள்ளிக்கூடம், அதே மைதானம், அதே வயிறு, தட்டு மட்டும் இல்லை. பிறகு பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது, நல்ல விஷயம். நடுவில் இந்த நாலு வருஷம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, வகுப்பு ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கிறது, படிப்போ அப்போதுதான் கழுத்தை நெரிக்கிறது. அந்த இடத்தில்தான் பக்கத்து வீடு வேண்டியிருக்கிறது. பதினொன்றாவது படிக்கிறவனுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுக்க அவன் அம்மாவுக்கு காலை ஏழு மணிக்குள் முடியவில்லையென்றால், எப்படியும் சோறு பொங்குகிற எதிர்வீட்டில் ஒரு டப்பா சேர்த்துக் கட்டுவது பெரிய பாரமில்லை. அவன் சாயங்காலம் அந்த வீட்டுக் கைக்குழந்தையை அரை மணி நேரம் வைத்துக்கொள்கிறான், நோட்டில் நேராகிவிட்டது.

2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் நம் துணிக்கு 50 சதவீதம் வரி என்று போட்டதும் சில மாதம் இங்கே ஓவர்டைம் படுத்துவிட்டது, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, சில இடத்தில் அதுவும் வாரத்துக்கு நாலு நாள். எந்த வீட்டிலும் முதலில் நின்றது ட்யூஷன்தான். 2011-ல் கோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடியபோதும் இதையே பார்த்தேன், ஆனால் அப்போது ட்யூஷன் நின்ற பிள்ளைகளில் பலர் நேராகக் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது தையலுக்குத் துணி மடித்துக் கொடுக்கப் போய்விட்டார்கள். இந்தத் தடவை எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. நோட்டினால்தான் என்று நான் மார்தட்ட மாட்டேன், காலமும் மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வகுப்பும் ஒரு காரணம் என்று மட்டும் சொல்வேன்.

எல்லாமே ஒழுங்காக நடந்துவிடவில்லை. ஒரு வீட்டுக்காரர் மூன்று மாதம் வாங்கிக்கொண்டே இருந்தார், ஒரு துரும்பு திருப்பிச் செய்யவில்லை, கேட்டதற்கு என் பையன் முதல் குரூப் படிக்கிறான் அவனுக்கு நேரமில்லை என்றார். அவன் வந்து எனக்கு நேரமிருக்கிறது அண்ணாச்சி என்று தனியாகச் சொல்லிவிட்டுப் போனான், அப்பாவுக்குத் தெரியாமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் செய்தான். இன்னொரு வீட்டில் நோட்டை வைத்தே சண்டை வந்தது, நான் இரண்டு குடம் பிடித்தேன் ஒன்று என்று எழுதியிருக்கிறது என்று. அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டேன்.

நோட்டில் எழுதாத உதவி ஒன்றும் உண்டு. ரிசல்ட் வரும் மே மாதத்தில் "எவ்வளவு மார்க்கு" என்று கேட்காமல் இருப்பது. மாநில ரேங்க் பட்டியலையே 2017-லிருந்து அரசு நிறுத்திவிட்டது, ஆனால் குழாயடி ரேங்க் பட்டியல் இன்னும் நிற்கவில்லை. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை; என் கடைக்கு வந்து கேட்டால் மட்டும், அக்கா உங்க பாக்கி எவ்வளவுன்னு சத்தமா சொல்லட்டுமா என்பேன்.

மைக்செட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பரிட்சை வருகிற மாசி, பங்குனியில்தான் எல்லாக் கோயிலிலும் நோன்பு சாட்டுகிறார்கள், திருவிழா தொடங்குகிறது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனால் நாளைக்கு அதே ஆட்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பிள்ளைகளே ஒரு மனு எழுதினார்கள், பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு, பரிட்சைத் தேதிகளையும் கீழே எழுதி, கோயில் கமிட்டியில் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, குழாய் ஸ்பீக்கரை எங்கள் தெருப் பக்கத்திலிருந்து திருப்பிக் கட்டச் சொன்னார், ஒன்பதரைக்கு நிறுத்தினார். அன்னதானத்தன்று, அது ஞாயிறு, அடுத்த பரிட்சைக்கு மூன்று நாள் இடைவெளி இருந்தது, அந்தப் பதினொரு பேரும் போய் இலை எடுத்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறது.

பரிட்சை நேரத்தில் உங்கள் பத்திரிகையில் வருஷாவருஷம் குறிப்புகள் போடுகிறீர்கள். மாணவர்களுக்கு, நேரத்தோடு தூங்கு, பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்ததும் நிதானமாகப் படி என்று. பெற்றோர்களுக்கு, திட்டாதீர்கள், ஒப்பிடாதீர்கள் என்று. இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பத்தி போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். டிவி சத்தத்தைக் குறையுங்கள், அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், பரிட்சை அன்று காலையில் பெற்றோர் ஷிப்டுக்குப் போயிருந்தால் ஹால் டிக்கெட் எடுத்தாயா என்று ஒரு குரல் கொடுங்கள், அதற்குப் பதிலாகப் பரிட்சை முடிந்ததும் உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கூச்சப்படாமல் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். கடைசியில் சொன்னதை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரையும் தெருப் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம். குழாயடியில் அந்த வார்த்தையை விட்ட அக்கா தினமும் காலையில் உங்கள் பத்திரிகையை என் கடையில் நின்றுதான் படிக்கிறார், காசு கொடுத்து வாங்குவதில்லை. போன வாரம் அவரே அந்த நோட்டில், பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு மூன்று நாள் ராத்திரி சாப்பாடு என்று எழுதச் சொன்னார். பதிலுக்கு என்ன என்ற இடத்தை இன்னும் நிரப்பவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
திருப்பூர்